தாமதத்தின் கதை: கப்பல் கடிதம் முதல் கண்ணாடி இழை வரை



ஊரிலிருந்து கடிதம் வந்த நாளை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. தோட்டத்து அலுவலகத்திற்குத் தபால் பை வரும். கிராணியார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். படிக்கத் தெரிந்த ஒருவர் லயத்து வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். சுற்றிலும் பத்துப் பேர் நின்று கேட்பார்கள். "தம்பிக்குக் காய்ச்சல் கடுமையாக இருக்கிறது, வைத்தியரிடம் காட்டியிருக்கிறோம்" என்று அதில் எழுதியிருக்கும். அதைக் கேட்டு அக்காள் இங்கே கண்கலங்குவாள். ஆனால் அவள் கண்கலங்கும் அந்நேரத்தில் அங்கே தம்பி குணமாகி வயலுக்குப் போயிருப்பான். அல்லது அவனுடைய காரியமே முடிந்துபோயிருக்கும். கடிதம் கொண்டுவந்தது இன்றைய செய்தியன்று, பல நாளைக்கு முந்திய செய்தி. இடையிலுள்ள நாள்களில் என்ன நடந்தது என்பதை அறிய அடுத்த கடிதம் வரவேண்டும்.

இன்று நம் பிள்ளைகளின் கையில் தொலைபேசி இருக்கிறது. அதில் முகம் பார்த்துப் பேசுகிறோம். கணினிகளை ஒன்றோடொன்று இணைத்த வலை உலகைச் சுற்றிக் கிடக்கிறது. அப்படியானால் தாமதம் ஒழிந்துவிட்டதா? இல்லை. நாம் பேசியது போய்ச் சேர ஒரு நேரம் எடுக்கிறது. பதில் திரும்ப இன்னொரு நேரம் எடுக்கிறது. சிலவேளை படம் உறைந்து நிற்கிறது. சிலவேளை இருவர் பேச்சும் மோதிக்கொள்கின்றன. இந்தத் தாமதம் எங்கே பிறக்கிறது? இதில் எது இயற்கையின் சட்டம், எது மனிதனின் குறை? இக்கேள்விகளுக்கு விடை காணப் பழைய கதையிலிருந்தே தொடங்குவோம்.

கப்பல் காலம்

நம் முன்னோரில் பலர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, வங்காள விரிகுடாவைக் கடந்து பினாங்கில் இறங்கினார்கள். 1926-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு 'ரஜுலா' என்னும் கப்பல் இவ்வழியில் ஓடிற்று. அதற்குப் பின் 'எம்.வி. சிதம்பரம்' ஓடிற்று, 1985-இல் அது நடுக்கடலில் தீப்பற்றியதோடு அந்தக் காலமும் முடிந்தது. கடற்பயணம் ஏறக்குறைய ஒரு வாரம்.

ஆனால் கடிதத்திற்கு ஒரு வாரம் போதவில்லை. கிராமத்து அஞ்சல் பெட்டியில் காத்திருக்க வேண்டும். பட்டணத்தில் தரம் பிரிக்கக் காத்திருக்க வேண்டும். ஒரு கப்பல் புறப்பட்டுவிட்டால் மறு கப்பல் வரும்வரை துறைமுகத்தில் காத்திருக்க வேண்டும். பினாங்கில் இறங்கியபின் ரயில் பிடித்து, ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ இறங்கி, தோட்டத்து ஆள் வந்து பையை எடுக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டும். கடிதம் ஓடிய நேரம் ஒரு பங்கு. நின்ற நேரம் இன்னொரு பங்கு. இந்த இரண்டையும் மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கணினி வலையைப் பற்றிப் பேசும்போது இதே பிரிவினை நமக்கு உதவும்.

நம் காட்டு மரமும் கடலடிக் கம்பியும்

பேராக்கில் ரப்பர் மரம் வேரூன்றியது 1877-க்குப் பிறகு. அவ்வாண்டு சிங்கப்பூர் வந்த கன்றுகளில் சிலவற்றை ஹியூ லோ என்ற ஆங்கில அதிகாரி கோலகங்சாரில் நட்டார். ஆனால் அதற்கு முன்பே இந்த நாட்டுக் காடுகளில் பால் தரும் வேறொரு மரம் இருந்தது. மலாய்க்காரர்கள் அதைத் 'தாபான்' என்பார்கள். அதன் பாலிலிருந்து கிடைத்த பிசினுக்குக் 'கெத்தா பெர்ச்சா' என்று பெயர். வெந்நீரில் போட்டால் அது களிமண்போல் இளகும். ஆறினால் மரம்போல் இறுகும். மலாய்த் தொழிலாளிகள் அதைக் கொண்டு பாராங் கத்திக்குப் பிடி செய்தார்கள். சிங்கப்பூரில் பணிசெய்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கமரி அதைக் கண்டு 1843-இல் இலண்டனுக்கு மாதிரி அனுப்பினார்.

அங்கே ஓர் உண்மை வெளிப்பட்டது. மின்சாரம் ஓடும் கம்பியின்மேல் இந்தப் பிசினைப் பூசினால் மின்சாரம் வெளியே கசிவதில்லை. உப்பு நீரிலும் அது கெடுவதில்லை. அக்காலத்தில் வேறெந்தப் பொருளுக்கும் இந்தக் குணம் இவ்வளவு சிறப்பாக அமையவில்லை. ஆகவே உலகக் கடல்களின் அடியில் போடப்பட்ட தந்தி வடங்களில் பெரும்பாலானவற்றுக்கு நம் பக்கத்துக் காட்டுப் பிசினே சட்டையாயிற்று.

பால்மரம் வெட்டத் தெரிந்த நமக்கு இதில் ஒரு வேதனை புரியும். ரப்பர் மரத்தில் கோடு கீறினால் பால் தானே வடிகிறது. நாளும் வெட்டலாம், மரமும் பிழைத்திருக்கும். தாபான் மரத்தின் பாலோ பட்டைக்குள்ளேயே சீக்கிரம் உறைந்துவிடும். எனவே மரத்தையே சாய்த்து, பட்டையை வளையம் வளையமாக வெட்டி, சிறிதளவு பிசினைச் சுரண்டி எடுத்தார்கள். ஒரு மரத்தின் உயிர் போய்க் கிடைத்தது கொஞ்சமே. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மலாயாக் காடுகளில் பெரிய தாபான் மரங்கள் அரிதாகிவிட்டன. உலகம் விரைவாகப் பேசியதற்கு இந்த மண் கொடுத்த விலை அது.

தாமதத்திற்கு முதல் கணக்கு

கடலடியில் கம்பி போட்டவர்கள் ஒரு புதிரைக் கண்டார்கள். கம்பத்தின்மேல் ஓடும் தந்திக் கம்பியில் அடித்த குறி மறுமுனையில் தெளிவாகக் கேட்டது. கடலடி வடத்திலோ அதே குறி மெதுவாக எழுந்து மெதுவாக அடங்கியது. ஒரு குறி அடங்குமுன் அடுத்த குறி வந்தால் இரண்டும் குழம்பின. காரணம் என்ன? பிசின் சட்டை, அதற்குள் செம்புக் கம்பி, வெளியே கடல்நீர்: இம்மூன்றும் சேர்ந்து மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கலம்போல ஆகிவிடுகின்றன என்று மைக்கேல் பாரடே 1854-இல் விளக்கினார். காய்ந்த வாய்க்காலில் நீர் திறந்தால் முதல் நீரை மண் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கடைமடைக்கு விடும் அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும்.

பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற வில்லியம் தாம்சன் இதற்குக் கணக்குப் போட்டார். வடத்தின் நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். நீளம் மூன்று மடங்கானால் தாமதம் ஒன்பது மடங்கு. செம்புக் கம்பியைத் தடிப்பாக்கு, பிசினையும் தடிப்பாக்கு, மெல்லிய குறியையும் உணரும் கருவி வை என்பது அவர் சொன்ன வழி.

1858-இல் அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவிலுள்ள நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே முதல் அட்லாண்டிக் வடம் போடப்பட்டது. விக்டோரியா அரசியார் அமெரிக்கத் தலைவருக்கு 98 சொற்களில் வாழ்த்து அனுப்பினார். அது போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது! ஒரு சொல்லுக்கு ஏறத்தாழ பத்து நிமிடம். இந்தத் தாமதத்தைப் போக்க என்ன செய்தார்கள் தெரியுமா? வடத்தின் மின்பொறுப்பில் இருந்தவர் தாம்சன் சொன்னதைக் கேளாமல் மின்னழுத்தத்தை மிகைப்படுத்தினார். ஏற்கெனவே குறையோடு இருந்த வடம் அதைத் தாங்கவில்லை. சில வாரங்களிலேயே ஊமையாகிவிட்டது. தாமதம் ஏன் வருகிறது என்று அறியாமல் பலத்தைக் கூட்டினால் இருப்பதும் கெடும் என்பது அன்று கற்ற பாடம். 1866-இல் தாம்சன் சொன்னபடி தடித்த வடம் போட்டபின்தான் வெற்றி நிலைத்தது.

சென்னை முதல் பினாங்கு வரை

நம் கதைக்கு நெருங்கி வருவோம். 1870-இல் இங்கிலாந்திலிருந்து ஜிப்ரால்டர், மால்டா, சூயெஸ், ஏடன் வழியாகப் பம்பாய் வரை கடலடித் தந்தி வந்து சேர்ந்தது. அங்கிருந்து தரைவழிக் கம்பி சென்னைக்கு வந்தது. அவ்வாண்டின் இறுதியில் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் வடம் இறங்கிற்று. நம் முன்னோர் ஒரு வாரம் கடந்த அதே வங்காள விரிகுடாவைத் தந்திக் குறி நொடிக்கணக்கில் கடந்தது.

ஆயினும் இலண்டனில் கொடுத்த தந்தி பினாங்குக்கு உடனே வந்துவிடவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் ஊழியர் குறியைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பின் அடுத்த வடத்தில் அதைத் திரும்ப அடிக்க வேண்டும். முன்னால் வேறு தந்திகள் காத்திருந்தால் இதுவும் வரிசையில் நிற்க வேண்டும். குறி ஓடிய நேரம் சிறிது. நிலையங்களில் நின்ற நேரமே பெரிது.

இதில் இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம். தோட்டத் தொழிலாளிக்கு அது எட்டாத விலை; சாவுச் செய்திக்கு மட்டுமே தந்தி என்று ஆயிற்று. அதனால்தான் தந்திக்காரரைக் கண்டாலே வயிற்றில் புளி கரைத்தது. ஆனால் வணிகர்களுக்கு நிலை வேறு. 1930-இல் உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தபோது இலண்டன் விலை தந்தி மூலம் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உள்ள வணிக நிலையங்களுக்கு உடனுக்குடன் தெரிந்தது. அதைத் தொடர்ந்து தோட்டங்களில் நாள்கூலி குறைந்தது. பல்லாயிரம் பேர் வேலையிழந்து ஊருக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்கள் வருகிறார்கள் என்ற செய்தியோ கடிதமாகக் கப்பலில்தான் போயிற்று. விரைவான செய்தி ஒருவருக்கு, தாமதமான செய்தி மற்றவருக்கு என்று பிரிந்திருக்கும் இடத்தில், தாமதப்படுபவரே நட்டப்படுகிறார். இது அன்றைய கதை மட்டுமன்று.

வானம் வழியாக ஒரு சுற்று

1970-இல் குவாந்தானில் செயற்கைக்கோள் நிலையம் அமைந்தது. வெளிநாட்டுத் தொலைபேசி வானம் வழியாகச் செல்லத் தொடங்கிற்று. அக்காலத்தில் வெளிநாட்டுக்குப் பேசியவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். "சுகமா?" என்று கேட்டுவிட்டு ஒரு கணம் நிற்க வேண்டும். அவசரப்பட்டு மறுபடி கேட்டால், அதே நேரம் முதல் கேள்விக்குப் பதில் வந்து இரண்டும் மோதும்.

ஏன் அப்படி? அந்தச் செயற்கைக்கோள் பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம் குரல் அங்கே ஏறி, மீண்டும் இறங்க வேண்டும். மொத்தம் 71,000 கிலோமீட்டருக்கு மேல். வானொலி அலை விநாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆகவே ஒருவழிக்குக் கால் விநாடி. பதில் திரும்ப இன்னொரு கால் விநாடி. எவ்வளவு பணம் கொட்டினாலும் இதைக் குறைக்க முடியாது. ஒளியைவிட வேகமாக ஓடும் தூதன் இயற்கையில் இல்லை.

அரை விநாடி என்ன பெரிய நேரமா என்று கேட்கலாம். பேச்சில் அது பெரிய நேரந்தான். ஒருவர் பேசி நிறுத்தியதும் மற்றவர் தொடங்க மனிதர்கள் எடுக்கும் இடைவெளி சராசரியாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே என்று பத்து மொழிகளை ஆராய்ந்து 2009-இல் அறிஞர்கள் எழுதினார்கள். அதற்கு மேல் மௌனம் நீண்டால் 'இவருக்குப் பிடிக்கவில்லையோ, காதில் விழவில்லையோ' என்று மனம் ஐயப்படத் தொடங்கிவிடும்.

1981-இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே மீண்டும் ஒரு கடலடி வடம் போடப்பட்டது, இம்முறை தொலைபேசிக்கு. பின்னர் கண்ணாடி இழை வடங்கள் வந்தன. மயிரிழைபோன்ற கண்ணாடிக்குள் ஒளியே செய்தியைச் சுமந்து ஓடுகிறது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர். சென்னைக்கும் பினாங்குக்கும் நேர்கோட்டில் சுமார் 2,350 கிலோமீட்டர். கணக்குப் பாருங்கள்: ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் பன்னிரண்டு பங்கு போதும்! கப்பல் எடுத்த ஒரு வாரத்தோடு ஒப்பிட்டால் 5 கோடி மடங்கு விரைவு.

பால் நிறுக்கும் வரிசை

அப்படியிருந்தும் நம் பேச்சு ஏன் தடைப்படுகிறது? அதற்குக் கணினி வலை வேலை செய்யும் விதத்தை அறிய வேண்டும்.

கணினி வலையில் செய்தி முழுதாகப் போவதில்லை. 1960-களில் பால் பேரன் என்ற அமெரிக்கரும் டொனால்டு டேவிஸ் என்ற பிரிட்டானியரும் தனித்தனியே ஒரே யோசனையை அடைந்தார்கள்: செய்தியைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி, கிடைத்த வழியில் அனுப்புவது. வழியிலுள்ள ரௌட்டர் என்ற பெட்டி ஒவ்வொன்றும் பொட்டலத்தை வாங்கி, முகவரி பார்த்து, அடுத்த பெட்டிக்கு அனுப்பும். பழைய தந்தி நிலையத்து ஊழியர் செய்த அதே வேலைதான்.

இதில் நான்கு வகைத் தாமதம் உண்டு. பால்மரம் வெட்டி முடித்து, காண்டா வாளியில் பாலைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்குப் போவதை நினைத்துப் பாருங்கள்.

முதலாவது, நிரையிலிருந்து ஸ்டோர் வரை நடக்கும் நேரம். இது தூரத்தைப் பொறுத்தது. வலையில் இது ஒளி ஓடும் நேரம்.

இரண்டாவது, வாளியிலிருந்து பாலை ஊற்றும் நேரம். வாய் குறுகிய பாத்திரமானால் மெதுவாக ஊற்ற வேண்டும். அகன்றதானால் ஒரே கவிழ்ப்பு. வலையில் இது இணைப்பின் கொள்ளளவைப் பொறுத்தது. விளம்பரத்தில் 'எம்.பி.பி.எஸ்.' என்று போடுகிறார்களே, அந்த எண் இதைத்தான் குறிக்கிறது. அந்த எண் 1 ஆக இருந்தால் வழக்கமான ஒரு முழுப் பொட்டலத்தைத் தள்ளிவிட விநாடியில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு ஆகும். வங்காள விரிகுடாவையே ஒளி கடக்கும் அதே நேரம்! அந்த எண் 100 ஆனால் இந்த நேரம் நூறில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

மூன்றாவது, கிராணியார் பாலை நிறுத்து, தரம் பார்த்து, பேரேட்டில் எழுதும் நேரம். வலையில் இது ரௌட்டர் முகவரி பார்க்கும் நேரம். இன்றைய கருவிகளில் மிகச் சிறிது.

நான்காவது, நமக்கு முன்னால் நிற்கும் வரிசை. இதுதான் பொல்லாதது. ஒருநாள் வரிசையே இராது. இன்னொரு நாள் முப்பது பேர் நிற்பார்கள். அதிக நேரம் நின்றால் வாளியில் பால் கட்டிப்பட்டுக் கெட்டுவிடும். வலையிலும் அப்படியே. குரலைச் சுமந்த பொட்டலம் பிந்தி வந்தால் அதைப் பயன்படுத்த முடியாது. தொலைபேசி அதை எறிந்துவிடும். பேச்சில் ஒரு சொல் விழுங்கப்படும்.

ஆகவே கொள்ளளவு வேறு, தாமதம் வேறு. ஒரு லாரி நிறையக் கடிதம் ஏற்றினால் கொள்ளளவு மிகப் பெரிது. ஆனால் பதில் கிடைக்க இரண்டு நாள். திரைப்படம் பார்ப்பதற்குக் கொள்ளளவு வேண்டும்; தொடக்கத்தில் சற்றுத் தாமதமானாலும் குறையில்லை. பாடம் கேட்டுப் பதில் சொல்வதற்கோ தாமதம் குறைய வேண்டும். குரல் ஒருவழி போய்ச் சேர ஆயிரத்தில் 150 பங்கு வரை இருந்தால் பெரும்பாலும் குறை தெரியாது, 400-ஐத் தாண்டக் கூடாது என்பது உலகத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் பரிந்துரை.

நெரிசல் வந்த ஆண்டு

1986 அக்டோபரில் அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஓர் ஆய்வுக்கூடத்திற்கும் பக்கத்துப் பல்கலைக்கழகத்திற்கும் இடையே வலை திடீரென நொண்டியது. இடைத்தூரம் 400 கஜம். விநாடிக்கு 32,000 குறிகள் போய்க்கொண்டிருந்த பாதையில் 40 குறிகளே போயின. கம்பி அறுபடவில்லை. கருவி பழுதாகவில்லை. பிறகு ஏன்?

கடிதத்திற்குப் பதில் வரவில்லையென்றால் என்ன செய்வோம்? இன்னொரு கடிதம் போடுவோம். கணினிகளும் அதையே செய்தன. பதில் தாமதமானதும் தொலைந்துவிட்டதாக எண்ணி, அதே பொட்டலத்தைத் திரும்ப அனுப்பின. அதனால் வரிசை இன்னும் நீண்டது. நீண்டதால் இன்னும் தாமதம். தாமதத்தால் இன்னும் அனுப்பல். எல்லோரும் ஒரே வாசலில் முண்டியடித்து யாரும் வெளியேற முடியாத கதை. அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் காரணத்தைக் கண்டார். மைக்கேல் கேரல்சும் அவரோடு சேர்ந்து உழைத்தார். 1988-இல் ஜேக்கப்சன் இதற்கான தீர்வை வெளியிட்டார்: முதலில் மெல்லத் தொடங்கு; வழி இருக்கிறதென்று தெரிந்தபின் கூட்டு; பொட்டலம் தொலைந்தால் உடனே அனுப்புவதைக் குறை. கணினிக்கு அவர் கற்றுக்கொடுத்தது பொறுமை. இன்றும் நம் தொலைபேசிகள் அந்தக் கொள்கையின் வழியில்தான் நடக்கின்றன.

இன்னொரு குறை வழியைப் பற்றியது. பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டிய கடிதம் வெளிநாடு போய்த் திரும்பினால் எப்படி? இந்நாட்டு நிறுவனங்களுக்குள்ளேயே போகவேண்டிய பொட்டலங்கள் கடல் கடந்து சுற்றி வராமல் உள்நாட்டிலேயே கைமாறுவதற்காக 2006-இல் மலேசிய இணையப் பரிமாற்று நிலையம் தொடங்கப்பட்டது. வழியைச் சீர்செய்தால் வேகத்தைக் கூட்டாமலேயே தாமதம் குறையும்.

நாங்கள் கற்ற பாடம்

2020 மார்ச் 18-ஆம் நாள் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியர்களாகிய நாங்கள் கணினிக்கு முன் அமர்ந்து வகுப்பு நடத்தினோம். பிள்ளைகள் தோட்ட வீடுகளிலும், தோட்டம் விற்கப்பட்டபின் குடிபெயர்ந்த அடுக்கு வீடுகளிலும் இருந்தார்கள். ஒரே தொலைபேசியில் மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் படித்த வீடுகளும் உண்டு.

கேள்வி கேட்போம். சில பிள்ளைகள் உடனே பதில் சொல்வார்கள். சிலர் பேசாமல் இருப்பார்கள். இரண்டு விநாடி பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவோம். 'இவனுக்குத் தெரியவில்லை, கவனம் இல்லை' என்று குறித்தும் வைத்தோம். பிறகொரு நாள் ஒரு தாயார் எங்களிடம் சொன்னார்: "டீச்சர், என் பிள்ளை ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறான். அவன் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுகிறீர்கள்." எங்களுக்குச் சுருக்கென்றது. அந்த வீடு மேட்டுக்குப் பின்னால் இருந்தது. அலை மெலிந்து, பொட்டலங்கள் மறுபடி மறுபடி அனுப்பப்பட்டு, எங்கள் கேள்வி அவனைச் சேரவே தாமதமாயிற்று. அவன் பதில் வரும்போது நாங்கள் அடுத்தவரிடம் போய்விட்டோம். வலையின் தாமதத்தைப் பிள்ளையின் மந்தம் என்று எழுதியிருக்கிறோம். அந்தக் குறிப்புகளை அடித்துவிட்டு, அன்று முதல் கேள்வி கேட்டபின் மனத்திற்குள் பத்து எண்ணிய பிறகே அடுத்த பெயரைச் சொன்னோம். வகுப்பில் பேசாமடந்தைகள் என்று நினைத்தவர்களில் பாதிப் பேர் பேசத் தொடங்கினார்கள்.

பெற்றோர்களே, நீங்களும் தாமதத்தை அளந்து பார்க்கலாம். 1983-இல் மைக் மூஸ் என்பவர் 'பிங்' என்ற சிறு கருவிநிரல் எழுதினார். ஒரு பொட்டலத்தை அனுப்பி, அது திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று அது சொல்லும். இன்று தொலைபேசியிலேயே அத்தகைய அளவுகோல் கிடைக்கிறது. விடியற்காலையிலும் அளந்து பாருங்கள், இரவு எட்டு மணிக்கும் அளந்து பாருங்கள். காலையில் குறைவாகவும் இரவில் மிகுதியாகவும் இருந்தால் அது பெரும்பாலும் வரிசைத் தாமதம். வீட்டில் ஒருவர் படம் இறக்கிக்கொண்டிருக்கலாம். அதை நிறுத்தினால் சீராகலாம். வீட்டில் யாரும் பயன்படுத்தாதபோதும் இரவில் மிகுதியாக இருந்தால், உங்கள் பகுதிக்கு வந்துள்ள வசதி மக்கள் தொகைக்குப் போதவில்லை என்று பொருள். எந்நேரமும் மிகுதியாகவே இருந்தால் அலை மெலிவு அல்லது வழியின் குறையாகலாம். எண்களை நாளும் நேரமும் போட்டுக் குறித்து வையுங்கள். 'சரியாக வரவில்லை' என்ற முறையீட்டைத் தட்டிக் கழிப்பது எளிது. நாள், நேரம், எண் மூன்றும் உள்ள முறையீட்டைத் தட்டிக் கழிப்பது அவ்வளவு எளிதன்று.

நேயர்களே, ஒளிக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு உட்பட்ட தாமதத்தைப் பொறுத்துக்கொள்வோம். பொறுமையோடு அடுத்தவர் பதிலுக்குக் காத்திருப்போம். ஆனால் வரிசையால் வரும் தாமதமும், சுற்று வழியால் வரும் தாமதமும், 'இவர்களுக்கு இது போதும்' என்ற எண்ணத்தால் வரும் தாமதமும் இயற்கையின் சட்டமல்ல. மனிதர் வைத்தவை, மனிதர் மாற்றக்கூடியவை. அன்று கடிதத்திற்காகத் தோட்டத்து அலுவலக வாசலில் காத்து நின்ற நம் பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. இன்று நமக்குத் தெரியும். நம் பிள்ளைகளின் பதில் சற்றுப் பிந்தி வந்தாலும் அது கேட்கப்பட வேண்டும். பிந்தாமல் வரவும் வழி செய்யப்பட வேண்டும்.